அப்பத்தாவிடம் என்ன கேட்பது? பதின்வயதுப் பிள்ளைக்கு ஒரு கோடைவிடுமுறை வேலை

"நம்ம குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம் தெரியுமா?" என்று பிள்ளையிடம் ஆயிரம் முறை சொன்னாலும் காதில் ஏறாது. எப்படிப்பட்டது என்று அவர்களே கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் ஒட்டும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 20 கேள்விகளை வைத்து, குடும்பக் கதை பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்தார்கள். அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும், 'என் வாழ்க்கை என் கையில்' என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. இதைப் படித்துவிட்டு விடைகளை மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை என்று டியூக்கே எச்சரிக்கிறார். உட்கார்ந்து பேசுகிற பழக்கம் அந்த வீடுகளில் இருந்தது. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளையே குடும்பக் கதையைக் கேட்டுப் பதிவு செய்ய 13 வயதிலிருந்து 17 வயதுவரை நல்ல காலம். 10-ஆம், 12-ஆம் வகுப்புத் தேர்வு நடக்கும் மாதங்களில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு கோடைவிடுமுறையில் ஐந்தாறு அமர்வுகள் போதும். ஓர் அமர்வு 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். காலைப் பலகாரம் முடிந்து பத்து மணிவாக்கில் பெரியவர்களுக்குக் குரலும் நினைவும் தெளிவாக இருக்கும். சாயங்காலம் சீரியல் நேரத்தில் குறுக்கே போனால் மூன்று வார்த்தைதான் பதிலாக வரும்.

முதல் நாள்: டிரங்குப் பெட்டி

எடுத்த எடுப்பில் கேள்வி கேட்கக் கூடாது. பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பாய்மேல் பரப்பச் சொல்லுங்கள். கிரயப் பத்திரம், ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, பள்ளி டி.சி., பழைய ரேஷன் கார்டு, இன்லாண்டு லெட்டர், மொய் நோட்டு எல்லாம் வரும். பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும்.

இதில் பலரும் ஒதுக்கிவிடுவது மொய் நோட்டு. மதுரை, தேனிப் பக்கத்து வீடுகளில் இதைப் பத்திரம்போலக் காப்பார்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று போகிற பக்கத்தில் திடீரென்று 51 ரூபாய் எழுதிய ஒருவர் தட்டுப்படுவார். அந்தப் பெயரை வட்டமிட்டு, "அப்பத்தா, இவர் மட்டும் ஏன் இவ்வளவு செஞ்சாரு?" என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்து, "நாம திருப்பி என்ன செஞ்சோம்?" என்று கேட்கட்டும். கைமாற்று, நன்றி, மனத்தாங்கல், பேச்சுவார்த்தை நின்றுபோனது என எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வரும். பணத்தைப் பற்றி இந்தக் குடும்பம் என்ன நினைக்கிறது என்பதை வேறு எந்தக் காகிதமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பத்திரங்களில் மூன்று வகையைத் தேடச் சொல்லுங்கள். ஒத்தி அல்லது அடமானம் என்றால் குடும்பம் நெருக்கடியில் இருந்த காலம். பாகப்பிரிவினை என்றால் அண்ணன் தம்பிகள் பிரிந்த காலம். விடுதலைப் பத்திரம் இருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அத்தைகளோ பெரியபாட்டிகளோ தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தது பல வீடுகளில் அதில்தான் இருக்கிறது. கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. மகள்களுக்கெல்லாம் சம உரிமை என்று நாடு முழுவதற்கும் ஆனது 2005-இல். இந்த இரண்டு ஆண்டுகளோடு பத்திரத்தின் தேதியை ஒப்பிட்டுப் பார்க்கிற பெண்பிள்ளைக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஜன்னலோரம், வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கண்ணாடியின் மேலாகவே படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் தரம் குறைந்துவிடும்.

ஒலிப்பதிவு

செல்போன் போதும். ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல், பேசுகிறவர் வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தமெல்லாம் இடிபோல விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். வழக்கமான தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. ஆகும் என்பதால், 40 நிமிடப் பதிவு 40 எம்.பி.க்குள் அடங்கும். அன்றைக்கே தேதி, பேசியவர், வரிசை எண் போட்டுக் கோப்புக்குப் பெயர் வையுங்கள். ஒரு நகல் போனில், இன்னொன்று பென் டிரைவில். பதிவு செய்கிறோம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தது தெரிந்தால் அடுத்த அமர்வு கிடையாது.

அப்பா, அம்மா பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். "அது அப்படி இல்லம்மா, எழுபத்தாறுல இல்ல, எழுபத்தேழுல" என்று மகன் திருத்த ஆரம்பித்தால் கிழவி வாயை மூடிக்கொள்வாள். பேரப்பிள்ளையிடம் சொல்வதைப் பெற்ற பிள்ளையிடம் பல பேர் சொல்வதில்லை.

கேள்விகள்

"உங்க காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு..." என்று ஒரு பிரசங்கம்தான் வரும். சின்னதாக, கையால் தொடக்கூடியதாகக் கேட்க வேண்டும். "அந்த வீட்டுல அடுப்படி எந்தப் பக்கம்?" "மொதச் சம்பளத்துல என்ன வாங்கினீங்க?" "கடன் கேக்கணும்னா மொதல்ல யார் வீட்டுக்குப் போவீங்க, யார்கிட்ட கேக்கவே மாட்டீங்க?"

பேச்சு சூடு பிடித்ததும் முடிவுகளைப் பற்றிக் கேட்கவேண்டும். பிள்ளையின் மதிப்பீடுகளைத் தீண்டுவது தாத்தாவின் பெருமையைவிட, அவர் திண்டாடியபோது எடுத்த முடிவுதான். ஊரை விட்டுக் கிளம்பியது, பிள்ளையைப் படிக்க வைக்க எதையோ விற்றது, ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்றது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி: "அப்ப வேற என்ன வழி இருந்துச்சு?" "யார் வேண்டாம்னாங்க?" "அதுக்கு என்ன விலை குடுத்தீங்க?" "இன்னைக்கா இருந்தா அதையே செய்வீங்களா?" கடைசிக் கேள்விக்குப் பிறகு பிள்ளை எதுவும் பேசாமல் பத்து விநாடியாவது காத்திருக்க வேண்டும். நல்ல பதில்கள் அந்த அமைதிக்குப் பின்னால்தான் வருகின்றன.

ஆண்டு நினைவில்லை என்றால் ஊரறிந்த சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். நயா பைசா 1957 ஏப்ரல், தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 ஜனவரி, அண்ணா மறைவு 1969 பிப்ரவரி, எமர்ஜென்சி 1975 ஜூன், எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். "அண்ணா செத்தப்ப உங்க அப்பா கைப்புள்ளை" என்ற ஒரு வரி போதும். ஜாதகத்தில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், 60 ஆண்டுச் சுழற்சியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 2024 ஏப்ரலில் தொடங்கிய குரோதி, அதற்கு முன் 1964-இல் வந்தது.

அம்மாச்சி வீட்டையும் விடாதீர்கள். வம்சாவளி என்று எழுத ஆரம்பித்தால் ஆண்பெயராகவே நீண்டுகொண்டு போகும். பெண்கள் கட்டிக்கொடுத்த ஊரோடு மறைந்துவிடுவார்கள். குறைந்தது இரண்டு அமர்வாவது தாய்வழிக்கு ஒதுக்குங்கள்.

நோட்டில் எழுதுவது

அமர்வு முடிந்த அன்றே, தூங்குவதற்கு முன், பிள்ளை ஒரு பக்கம் எழுத வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: என்ன நிலைமை, என்ன முடிவு எடுத்தார்கள், நான் இருந்தால் என்ன செய்திருப்பேன். முழுப் பேச்சையும் வார்த்தைக்கு வார்த்தை எழுத ஆரம்பித்தால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும், இரண்டாம் நாளே அலுத்துவிடும். பத்துக் கதை சேர்ந்ததும் வரிசையாகப் படித்தால் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். மூன்று இடத்தில் படிப்புக்காக நகை அடமானம் போயிருக்கும், மூன்றுமே ஆண்பிள்ளை படிப்புக்காகவும் இருக்கும். இரண்டையும் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'வச்சுக்குறேன்', 'மாத்திக்குறேன்', 'வேண்டாம்' என்று குறித்துக்கொள்ளட்டும்.

குறிக்கோளுக்கு வரும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. தாத்தா செய்த தொழிலையே பேரனும் செய்ய வேண்டும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. தொழிலை விட்டுவிட்டு அந்தத் தொழிலில் இருந்த குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கிணறு வெட்டியவரின் பேத்தி நிலத்தடி நீர் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். ஊற்று வரும்வரை வேலையை விடாத பிடிவாதம் எந்தப் படிப்புக்கும் உதவும். குறிக்கோள் என்று ஒன்றை எழுதினால், அதை மூன்று மாதத்தில் செய்து பார்க்கிற சின்ன வேலையாக்கச் சொல்லுங்கள்.

இதற்கு முன் யாரும் பட்டம் வாங்காத வீடாக இருந்தால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பத்தில் யார் எதுவரை படித்தார்கள் என்ற கேள்வி எப்படியும் வரும். அந்த விவரத்தைப் பிள்ளையே இந்த நோட்டிலிருந்து எடுத்து நிரப்பட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்

பேச்சு சாதிப் பெருமையில் போய் நின்றால், "அப்ப நம்ம வீட்டுக்குள்ள யார் வர முடியாது? அவங்க எங்க உக்காருவாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் சங்கடமாக இருக்கும். அதையும் அழிக்காமல் பதிவில் வையுங்கள்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எது உண்மை என்று பஞ்சாயத்து வைக்காமல், யார் சொன்னது என்று குறித்து இரண்டையும் எழுதுங்கள். குடி, தற்கொலை, ஓடிப்போனது போன்றவை வரும்போது பெரியவர் கையைக் காட்டினால் உடனே பதிவை நிறுத்த வேண்டும். அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டு அன்றைக்கு அதோடு விடுங்கள். ஆனால் சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தது, கடை நொடித்தது, பரீட்சையில் கோட்டை விட்டது ஆகியவற்றை மறைக்க வேண்டாம். விழுந்து எழுந்த கதைதான் பிள்ளைக்குத் தன் முதல் தோல்வியின்போது கைகொடுக்கும்.

இன்னொன்று, "உனக்காகத்தான் இவ்வளவும் பட்டோம்" என்ற வரி. அது வந்துவிட்டால் கதை கடன்சீட்டாகிவிடும். பிள்ளை மறுநாள் உட்காராது. பெரியவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டு மார்க் குறைந்த நாளில் எடுத்துவிடக் கூடாது.

ஒலிப்பதிவு எல்லோருக்கும் பொது. சித்தப்பா, அத்தை வீடுகளுக்கும் ஒரு நகல் கொடுங்கள். நோட்டின் மூன்றாவது பகுதி மட்டும் பிள்ளைக்குச் சொந்தம். காட்டமாட்டேன் என்றால் கேட்காதீர்கள்.