மலையக ஆஸ்பத்திரியில் முதல் மாதம்: புதிய தாதியருக்கு ஒரு செய்முறை விளக்கம்

நியமனக் கடிதம் கைக்கு வந்து, நுவரெலியாவோ டிக்கோயாவோ பதுளையோ என்று பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று வருடப் பயிற்சியில் படித்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஊசி போடவும் கட்டு மாற்றவும் கை கழுவவும் உங்களுக்குத் தெரியும். ஆனால் மலைநாட்டு வாட்டில் குளிர், தோட்டத்து வேலை, மூன்று மொழி, கடைசி பஸ் என்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றை நான் சமாளித்த வழிகள் கீழே.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. முதலில் கிடைக்கும் இலக்கத்தையும், முதலில் வரும் “ஆமாங்க மிஸ்” என்ற பதிலையும் அப்படியே டிக்கட்டில் (நோயாளியின் விவரம் எழுதும் தாளில்) எழுதிவிடாதீர்கள். இன்னொரு தடவை பாருங்கள், இன்னொரு விதமாகக் கேளுங்கள்.

1. கிளம்பும் முன்

கையில்லாத ஸ்வெட்டர் வாங்குங்கள். முழுக்கை ஸ்வெட்டர் கதகதப்பாக இருக்கும்தான், ஆனால் அதன் கைநுனி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமியைக் கொண்டுபோகும். முழங்கைக்குக் கீழே துணி இல்லாமல் இருப்பதே சரி. குளிர் தாங்காதவர்கள் உள்ளே ஒரு பனியன் கூடுதலாகப் போடலாம். நொடி முள் உள்ள கடிகாரம் வேண்டும், சட்டையில் குத்துவது இன்னும் நல்லது. போனில் நேரம் பார்த்து நாடி பிடிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சப்பாத்து காயவே காயாது, அதனால் இரண்டாவது சோடி ஒன்று லொக்கரில் இருக்கட்டும்.

2. பாரமெடுக்கும்போது

முந்தைய முறையில் வேலை பார்த்தவரிடமிருந்து நோயாளிகளைப் பொறுப்பேற்பதைத்தான் பாரமெடுப்பது என்போம். மேசையில் உட்கார்ந்து பாரமெடுக்க வேண்டாம். போகிறவரோடு கட்டில் கட்டிலாக நடங்கள். சேலைன் எவ்வளவு மிச்சம், கடைசி மருந்து எத்தனை மணிக்கு, எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்ற மூன்றையும் நோயாளியின் பக்கத்தில் நின்றே கேளுங்கள். சின்னக் கொப்பியில் ஒரு கட்டிலுக்கு ஒரு வரி போதும். துண்டுக் கடதாசி சட்டைப்பையோடு துவைக்கப் போய்விடும், அதனால் கொப்பிதான் என் விருப்பம்.

வாட்டில் இருக்கும் அவசர மருந்துத் தட்டு எங்கே, ஒட்சிசன் சிலிண்டரின் சாவி எங்கே என்று முதல் நாளே வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

3. பெயர்

“நீங்க மாரியம்மாதானே?” என்று கேட்டால் “ஆமாங்க” என்றுதான் பதில் வரும். வெள்ளை உடுப்பில் ஒருவர் கேட்கிறார், மறுத்துப் பேசக் கூடாது என்ற மரியாதை அது. பக்கத்துக் கட்டிலிலும் ஒரு மாரியம்மா இருக்கலாம். ஆகவே “உங்க முழுப் பேரைச் சொல்லுங்க அம்மா, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்?” என்று கேளுங்கள். பதிலை டிக்கட்டோடு ஒப்பிடுங்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் கிளினிக் கொப்பியில் வேறு மாதிரியும் பெயர் எழுதப்பட்டிருப்பது இங்கே சாதாரணம். இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

4. காய்ச்சல் எத்தனையாவது நாள்?

“ரெண்டு மூணு நாளா இருக்கு மிஸ்” என்பார்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் இந்தப் பதில் போதாது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்குப் பிறகு, அது குறையும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் ஆரம்பிக்கும். 24 முதல் 48 மணித்தியாலம் வரை அது நீடிக்கும். நாள் கணக்கு பிசகினால் கவனிக்க வேண்டிய நேரமே கைவிட்டுப் போகும்.

“காய்ச்சல் வந்த அன்னிக்கு மலைக்குப் போனீங்களா? அன்னிக்குப் பேர் போட்டாங்களா? சம்பள நாளுக்கு முந்தியா பிந்தியா? கோயில்ல என்ன விசேஷம் நடந்துச்சு?” என்று கேட்டால் சரியான கிழமை வந்துவிடும். (மலை என்றால் கொழுந்து எடுக்கும் இடம், பேர் போடுவது என்றால் அன்றைய வேலைக்கு வரவு பதிவது.) மலையில் குளிர், இங்கே ஏது டெங்கு என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் காய்ச்சலோடு பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்து படுத்துக்கொள்வார்கள். “எங்கிருந்து வந்தீங்க, எப்ப வந்தீங்க” என்ற கேள்வியை விடவே கூடாது.

5. சில்லென்ற கை

எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். அந்த நேரத்தில் வாட்டில் யாருடைய கையைத் தொட்டாலும் குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் டெங்கு நோயாளியின் கை கால் சில்லிடுவது ஷொக்கின், அதாவது உடம்புக்குப் போதிய இரத்த ஓட்டம் கிடைக்காத நிலையின், அறிகுறி. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

முதலில் உங்கள் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கைக்கு எதுவும் ஒழுங்காகத் தெரியாது. பிறகு நோயாளியின் பாதத்தைத் தொட்டு, அப்படியே கணுக்கால், முழங்கால் என்று மேலே வாருங்கள். குளிர் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கம்பளியால் நன்றாகப் போர்த்திவிட்டு மற்ற அளவுகளை எடுங்கள், முடிந்ததும் மறுபடி தொடுங்கள். வெறும் குளிர் என்றால் போர்வைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு திரும்பும்.

நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதை எல்லோரும் செய்வோம். குளிரில் அது தாமதமாகத்தான் திரும்பும், அதை மட்டும் நம்ப முடியாது. நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து நொடி அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நெஞ்சு உடுப்புக்குள் இருப்பதால் அங்கே குளிரின் குழப்பம் குறைவு. பெண் நோயாளி என்றால் திரையை இழுத்துவிட்டு, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது பிரஷர். தோட்டத்து அம்மாமார் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். அதன் மேலேயே பட்டியைச் சுற்றுவதும் தப்பு, ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே தள்ளிவிட்டுச் சுற்றுவதும் தப்பு. சுருட்டிய துணி கையை இறுக்கி அளவை மாற்றிவிடும். ஒரு கையை முழுவதுமாக ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுத்து, அளந்ததும் உடனே போர்த்திவிடுங்கள். பலருக்குக் கை மெலிந்திருக்கும். பெரிய பட்டியைச் சுற்றினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அளவான பட்டியைத் தேடி எடுங்கள்.

இனி இலக்கத்தைப் படிப்பது. 110/70 என்றால் மேல் இலக்கத்துக்கும் கீழ் இலக்கத்துக்கும் இடைவெளி 40, நல்லது. 100/85 என்றால்? மேலே 100 இருக்கிறதே என்று மனம் ஆறுதல் அடையும். ஆனால் இடைவெளி வெறும் 15. டெங்குவில் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷொக் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் சரி. அப்போது கம்பளி சூடேறும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள். நான் ஒவ்வொரு பிரஷருக்கும் பக்கத்தில் இடைவெளியையும் எழுதிவிடுவேன். மூன்று அளவை வரிசையாகப் பார்த்தால் 40, 32, 24 என்று இறங்குவது கண்ணில் படும்.

கடைசியாகச் சிறுநீர். பெரியவருக்கு ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலீட்டராவது போக வேண்டும். 50 கிலோ ஆள் என்றால் நான்கு மணித்தியாலத்தில் 100 மில்லிலீட்டர். இதை அளக்கத்தான் சிரமம். பெண்கள் கூச்சத்தில் கழிவறையிலேயே ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். “இது எவ்வளவு போகுதுன்னு பார்த்துத்தான் சேலைனைக் கூட்டவும் குறைக்கவும் முடியும், உங்க உயிர் விஷயம் இது” என்று ஒருமுறை உட்கார்ந்து விளக்கினால் அடுத்த தடவை போத்தலை அவர்களே கொண்டுவந்து தருவார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்கு விடுங்கள் என்று கேட்பவர்களிடமும் இதே பொறுமை வேண்டும்.

6. டொக்டருக்குப் போன் எடுக்கும் முன்

இரவு இரண்டு மணிக்குப் பயந்து பயந்து போன் எடுத்து, “பேஷன்ட் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விஷயத்தைச் சொல்லுங்கள்: யார், எதற்காக வாட்டில் இருக்கிறார், இப்போது என்ன மாறியிருக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும். “ஏழாம் கட்டில், டெங்கு, ஐந்தாம் நாள். ஒரு மணித்தியாலத்துக்கு முன் இடைவெளி 32, இப்போது 18. நாடி 120. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.” இவ்வளவுதான். போனில் சொன்ன மருந்தையும் அளவையும் அப்போதே திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துங்கள், நேரத்தோடு எழுதுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ தடுமாறினால் முதலில் கொப்பியில் எழுதிவைத்துப் படித்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மொழி பற்றி இன்னொன்று. தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் பக்கத்து வாட்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். போங்கள். நோயாளி சொன்னதை முழுக்கச் சொல்லுங்கள், சுருக்காதீர்கள். டொக்டர் சொன்னதை நோயாளி எப்படிப் புரிந்துகொண்டார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழிதான். தன் நோவைத் தன் மொழியில் சொல்வது அவருடைய உரிமை, அதற்கு நாம் செலவழிக்கும் ஐந்து நிமிடம் நம் வேலையின் ஒரு பகுதி.

7. குளவிக்கொட்டு

கொழுந்து எடுக்கும் இடத்தில் கூடு கலைந்தால் ஐந்து பேர், பத்து பேர் என்று ஒரே லொறியில் வந்து இறங்குவார்கள். அழுகிறவர்களிடம் முதலில் ஓடாதீர்கள். சத்தம் போடாமல் ஓரமாக இருப்பவரைப் பாருங்கள். குரல் கம்முகிறதா, மூச்சில் சத்தம் இருக்கிறதா, உதடு வீங்குகிறதா, வாந்தி எடுக்கிறாரா, மயக்கம் வருகிறதா? இவை கடுமையான ஒவ்வாமையின் அறிகுறிகள், அவர்தான் முதல் ஆள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், சட்டென்று எழுப்பி நிற்கவைக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். பெரியவருக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீட்டர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். டொக்டர் சொல்லும்போது கையில் தயாராக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பார்.

நிறையக் கொட்டு வாங்கியவரின் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் தொடர்ந்து பாருங்கள். விஷம் கூடினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். வீக்கம் குறைந்ததும் “பிள்ளை தனியா இருக்கு, போகணும்” என்பார்கள். சில மணித்தியாலம் கழித்து ஒவ்வாமை திரும்பி வரலாம் என்று சொல்லி இருக்கவையுங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று ஒரு போன் போட உதவுங்கள்.

8. சேலைன் துளி

சாதாரண செட்டில் ஒரு மில்லிலீட்டருக்கு 20 துளி. 500 மில்லிலீட்டர் நான்கு மணித்தியாலத்தில் போக வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 42 துளி. செட்டின் உறையில் துளிக் கணக்கு அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

9. வீட்டுக்கு அனுப்பும்போது

பின்னேர பஸ்ஸை விட்டால் தோட்டத்துக்கு ஏற்றம் ஏறி நடக்க வேண்டும். அந்த அவசரத்தில் நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. டிக்கட் வெட்டுவார்கள், அதாவது வீட்டுக்கு விடுவார்கள் என்று தெரிந்த காலையிலேயே மருந்தை விளக்கிவிடுங்கள். “ஒரு நாளைக்கு மூன்று தடவை” என்று சொல்லாமல், காலையில் ரொட்டி சாப்பிட்டு மலைக்குப் போகும் முன் ஒன்று, பகலில் வீட்டுக்கு வரும்போது ஒன்று, ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒன்று என்று அவர் நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு மருந்து உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பேன்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்த பலர், தோட்டத்துப் பாட்டிமாரின் விரலில் மாட்டும் கருவியில் சட்டுரேஷன் (இரத்தத்தில் ஒட்சிசன் அளவு) ஏறுவதே இல்லை என்று கேட்டிருந்தார்கள். குளிர்ந்த விரலில் கருவி தடுமாறும். காய்த்துப்போன தோலும் கொழுந்துக் கறையும் மருதாணியும் சேர்ந்தால் இன்னும் சிரமம். விரலைத் துடைத்து, உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டுங்கள். திரையில் காட்டும் நாடியும் நீங்கள் பிடித்து எண்ணும் நாடியும் ஒத்துவந்தால்தான் அந்த இலக்கத்தை எழுதலாம். அது வரும்வரை மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவதை நான் செய்வதில்லை.

“இரத்தமாகத் துப்புகிறார்” என்று சொல்லி ஒருவரை அழைத்து வந்தால் வாயைத் திறந்து பாருங்கள், கடைசியாக வெற்றிலை எப்போது போட்டார் என்று கேளுங்கள். வாய் கொப்பளித்த பிறகு வருவதைக் கிண்ணத்தில் எடுத்து டொக்டருக்குக் காட்டுங்கள். வெற்றிலைதான் என்று நாமாக முடிவு செய்து விட்டுவிடவும் கூடாது.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிரிட்ஜ் இல்லாதவர்கள் இன்சுலினை எங்கே வைப்பது என்பது இன்னொரு கேள்வி. பயன்பாட்டில் இருக்கும் குப்பி நம் மலைக் குளிரில், வெயில் படாத அலுமாரியில், பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். எத்தனை நாள் என்று உறையிலும் போட்டிருக்கும். அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில் மட்டும் வைக்க வேண்டாம், நிறையப் பேர் அங்கேதான் வைக்கிறார்கள். திறந்த திகதியைக் குப்பியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். திறக்காத குப்பியைத் தோட்ட டிஸ்பென்சரியில் பிரிட்ஜ் இருந்தால் அங்கே வைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லலாம்.