கருநீலமா, ராமர் பச்சையா? அடர் நிறம் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடி வீட்டில் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய இரண்டு அறைகளுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. கருநீலமா, ராமர் பச்சையா என்று பத்து நாள் பேச்சு ஓடியது. கடைசியில் ஷேடு கார்டை வளவு வெயிலில் நீட்டிப் பார்த்துக் கருநீலத்தை எடுத்தோம். அடித்து முடித்த அன்று இரவு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கரியை அரைச்சுப் பூசியிருக்கலாமே" என்றார்கள்.

செட்டிநாட்டு வீட்டில் வெளிச்சம் வளவோடு நின்றுவிடும். உள்ளறைக்கு ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் பெரிது. அடர் நிறங்களோ விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். மிச்சமிருக்கும் கொஞ்ச வெளிச்சத்தில்தான் நீலம், பச்சை என்ற வித்தியாசமே தெரிய வேண்டும். அதனால் எந்த அறைக்கோ, அந்த அறையிலேயே வைத்துப் பாருங்கள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, விளக்குப் போட்டபின் ஒரு முறை.

விளக்கை மறப்பதுதான் பெரிய தவறு. 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் நீல ஒளி குறைவு. கருநீலம் கறுத்துவிடும், ராமர் பச்சை லேசாகப் பாசி நிறத்துக்குப் போகும். 6500 கெல்வின் வெள்ளை டியூபில் நீலம் நீலமாகவே நிற்கும். எந்த விளக்கு என்று முடிவு செய்யாமல் நிறத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தடவிப் பார்ப்பதும் சரிவராது. சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை இரண்டை எடுத்து, ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தபின் அடர்ந்துவிடும். பலகையைத் தரையில் சுவரோடு சாய்த்து நிறுத்துங்கள். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சின்ன அறையில் அது கொஞ்சம் திகட்டும் என்பது என் கட்சி. பர்மா தேக்குக் கதவின் செம்பழுப்புக்கு நீலம் நன்றாகவே சேரும்.

வடக்குப் பார்த்த அறைக்கு வெயிலே வராது என்று எங்கோ படித்துவிட்டு வருவார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊர் 10 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும்.

அப்புறம் பெயிண்ட் டப்பா. அடர் நிறத்துக்கான பேஸில் (கடையில் நிறம் கலக்க எடுக்கும் அடிப்படைப் பெயிண்டில்) வெள்ளை நிறமி மிகக் குறைவு, அதனால் அடியிலுள்ள நிறத்தை எளிதில் மறைக்காது. இரண்டு கோட்டுக்குக் கணக்குப் போட்டால் மூன்றாவது கோட்டுக்குக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும், புதுக் கலவை பழையதோடு நூல் பிசகினாலும் சுவரில் தெரியும். சாம்பல் நிற பிரைமர் கேளுங்கள், முழுத் தேவையையும் ஒரே தடவையில் வாங்குங்கள். பளபளப்பான ஷீன் வேண்டாம்; பட்டி பார்த்த மேடுபள்ளமெல்லாம் டியூப் வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். மேட் அதை மறைக்கும், ஆனால் கை உரசுகிற இடம் மினுங்கும். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறியிருந்தால் இரண்டு நிறமும் வேண்டாம். உப்புப் பூத்தால் வெள்ளைச் சுவரில் கண்ணில் படாது, கருநீலத்தில் மாவு கொட்டினதுபோல் தெரியும். எமல்ஷன் ஈரத்தை உள்ளே அடைத்துக் கொப்பளிக்கவும் செய்யும். அந்த மாதிரிச் சுவருக்குச் சுண்ணாம்புதான். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பழைய பூச்சு உங்கள் சுவரில் இருந்தால் பெயிண்டரை உள்ளேயே விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தாலே அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.