டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறதா? வீட்டு வாசலிலேயே அலைன்மென்ட் பார்க்கும் முறை

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் மைவி காரின் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டையாகிக் கிடந்ததைப் பார்த்தேன். வெளியே நின்று பார்த்தால் டயர் பூ, அதாவது தரையைத் தொடும் வரிப்பகுதி, நன்றாகத்தான் இருந்தது. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டயர் போட்டுப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு தடவை பட்டறையில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வேலை, செய்திருந்தேன். இரண்டு தடவையும் மெஷின் அச்சடித்துத் தந்த அளவுச் சீட்டில் எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது எல்லாம் சரி.

நான் பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தினமும் பினாங்குப் பாலம் ஏறி வேலைக்குப் போகிறவன். அந்த டயரோடு மழையில் பாலத்தின் நடுவே 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மூன்று சனிக்கிழமை செலவழித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். புது டயர் வாங்கக் கிளம்பும் முன் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். ஜேக் எங்கே வைப்பது, டயரை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் டயரைப் படியுங்கள்

என் அப்பா பட்டர்வொர்த்தில் பல வருடம் லாரி ஓட்டியவர். நான் டார்ச் லைட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் உட்கார்ந்து டயர்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"உள்ளேர்ந்து வெளிய தடவுப்பா. வழவழன்னு போகுதா? இப்ப வெளியேர்ந்து உள்ள தடவு."

இரண்டாவது தடவை உள்ளங்கையை ரம்பப் பல் மாதிரி சீவியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைக்கு மட்டும் தெரிந்தது.

ஒவ்வொரு பூக் கட்டையின் ஒரு ஓரம் மழுங்கி, மறு ஓரம் கூராக நின்றால் அது டோ கோளாறு. டோ என்பது மேலேயிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சக்கரமும் மூக்கை உள்ளே திருப்பியிருக்கிறதா, வெளியே திருப்பியிருக்கிறதா என்பது. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது சீவினால் மூக்கு வெளியே பார்க்கிறது, அதாவது டோ அவுட். அப்போது உள்விளிம்புதான் முதலில் போகும். டோ இன் என்றால் எல்லாம் தலைகீழ்.

கூர் எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் சாய்வாக, வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பர் மேல் சந்தேகப்படலாம். கேம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம். காரைத் தாழ்த்தி ஓட்டும் தம்பிகளுக்கு இது சகஜம். தாழ்த்தினால் டோவும் கூடவே மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம். டயரைச் சுற்றிலும் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் அப்சோர்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள். அதை அலைன்மென்ட் தீர்க்காது.

பூ ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்று வாங்கி வையுங்கள், சில வெள்ளிதான் (ரிங்கிட்). வெளி, நடு, உள் என மூன்று இடத்தில் அளந்து தேதியோடு எழுதுங்கள். என் இடது டயரில் வெளியே 5.4, நடுவில் 4.6, உள்ளே 1.5 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6க்குக் கீழே போகக்கூடாது.

2. ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்

பச்சைச் சீட்டு வைத்திருந்தும் என் டயர் ஏன் தேய்ந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருந்தது.

முன்பக்கத்தைத் தூக்கி ஜேக் ஸ்டேண்டில் உட்கார வையுங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் கையோ தலையோ விடாதீர்கள். இதில் எந்தச் சலுகையும் கிடையாது. இப்போது சக்கரத்தைக் கடிகார முள் 3, 9 இருக்கும் இடத்தில் பிடித்து வெடுக்கென்று மாறி மாறித் தள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டுதான் டை ராட், அதன் இரண்டு முனை மூட்டுகள் இவை. பிறகு 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட்.

எனக்கு இடது பக்கம் 3, 9ல் மிக மெல்லிதாக ஒரு 'டக்'. டை ராட் எண்ட் தளர்ந்திருந்தது. மெஷின் மேல் கார் அசையாமல் நிற்கும்போது அந்த ஜாயிண்ட் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, அளவும் பச்சையாக வருகிறது. ரோட்டில் ஓடும்போது அது அங்கே நிற்பதில்லை. ஆட்டத்தைச் சரிசெய்யாமல் அலைன்மென்டுக்குக் கொடுக்கும் காசு வீண். இதைப் பட்டறையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சக்கரத்தைக் கீழிருந்து காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். டை ராட் எண்டை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன். மாற்றியதும் டோ நிச்சயம் மாறியிருக்கும், ஆகவே அடுத்த படி கட்டாயம்.

3. நூல் கட்டி அளப்பது

தேவையானவை: தூண்டில் நரம்பு, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டீல் ஸ்கேல். இழுவை டேப்பை நான் தொடுவதில்லை. அதன் நுனிக் கொக்கி ஆடும், நாம் தேடுவதோ ஒரு மில்லிமீட்டர். லேசர் வைத்த மலிவு கருவிகளைவிடத் தூண்டில் நரம்பை அதிகம் நம்புகிறேன். இழுத்துக் கட்டினால் அது நேராக நின்றே தீரும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை ஓட்டுநர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். ஸ்டீரிங்கை நேராக்கி, இருக்கையோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். காரின் இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில் நரம்பை முன்னிருந்து பின்வரை இழுத்துக் கட்டுங்கள்.

நரம்பு காருக்கு இணையாக நிற்க வேண்டும். முன் சக்கர நடுவிலிருந்து நரம்புவரை உள்ள தூரம் இடதும் வலதும் ஒன்றாக இருக்கட்டும். பின் சக்கரத்திலும் அப்படியே. ஆனால் முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பாடுபடாதீர்கள். பல கார்களில் முன் சக்கர அகலமும் பின் சக்கர அகலமும் வேறு வேறு. எனக்கு முன்னால் இரண்டு பக்கமும் 52, பின்னால் இரண்டு பக்கமும் 60 மில்லிமீட்டர் வந்தது. அது சரிதான்.

இனி நரம்பிலிருந்து ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் அளவெடுங்கள். முன் ஓரம் நரம்புக்குப் பக்கத்தில் இருந்தால் டோ அவுட், தள்ளியிருந்தால் டோ இன். இரண்டு சக்கரத்தின் வித்தியாசத்தையும் கூட்டினால் மொத்த டோ.

4. நான் மாட்டிக்கொண்ட இடம்

டை ராட் எண்ட் மாற்றிவிட்டுக் காரை இறக்கினேன். இறக்கிய கையோடு நூல் கட்டி அளந்தேன். மொத்தம் 5 மில்லிமீட்டர் டோ இன். கவனமாகத் திருகிச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். செபராங் ஜெயாவரை ஓட்டிப் பார்த்தால் ஸ்டீரிங் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. விரலால் தொட்டாலே கார் பக்கத்து லேனுக்குப் பாய்ந்தது. திரும்பி வந்து அளந்தால் 4 மில்லிமீட்டர் டோ அவுட்!

ஒரு சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது. காரணம் இதுதான். காரைத் தூக்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கி உள்பக்கம் ஒடுங்குகின்றன. இறக்கும்போது அவை பழையபடி வெளியே விரிய வேண்டும். ஆனால் சிமெண்டுத் தரையில் ரப்பர் கவ்விக்கொண்டு விரிய விடாது. சஸ்பென்ஷன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நிலையில் எடுக்கும் அளவு பொய். நான் பொய் அளவை வைத்து உண்மையான டோவைக் கெடுத்திருந்தேன்.

ஆகவே காரை ஒவ்வொரு முறை இறக்கியதும், முன் பம்பருக்கு மேலே கை வைத்து நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். பிறகு காரைக் கையால் முன்னோக்கி மூன்று மீட்டர் உருட்டுங்கள். பின்னோக்கி உருட்டினால் புஷ் எதிர்ப்பக்கம் இழுபட்டு நிற்கும், அது ஓடும்போது இருக்கும் நிலை அல்ல. நிறுத்த ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெதுவாக இழுங்கள். கால் பிரேக் முன் சக்கரத்தையும் பிடிக்கும். இவ்வளவும் செய்த பிறகே ஸ்கேலைக் கையில் எடுங்கள்.

வாசலில் மூன்று மீட்டர் இடம் இல்லையா? ஒவ்வொரு முன் டயருக்கும் கீழே இரண்டு வழவழப்பான பிளாஸ்டிக் டைலை வைத்து, நடுவில் கிரீஸ் தடவிவிடுங்கள். சக்கரம் தானாக வழுக்கி விரியும். எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசல் எல்லாம் மழைத் தண்ணீர் போகச் சாக்கடையை நோக்கிச் சரிவாகத்தான் கட்டியிருக்கும். கேம்பர் அளக்க அந்தச் சரிவு ஆகாது. டோவுக்கு இலேசான சரிவு பெரிய தொந்தரவு இல்லை.

4 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு சக்கரத்துக்கு 2 மில்லிமீட்டர், என் ரிம்மின் குறுக்களவு 380. கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஐந்து மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். ஒரு தடவை கடந்தால் எழுபது மீட்டர். வேலைக்குப் போய்த் திரும்பினால் அது இரட்டிப்பு.

5. திருகுவது

முந்தின இரவே டை ராட் லாக் நட்டில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். காலையில் நட்டின் மேலும் மரையின் மேலும் லிக்விட் பேப்பரால் ஒரு கோடு போடுங்கள், எத்தனை சுற்று என்று தெரியும். ரேக் ரப்பர் உறையின் சிறிய கிளிப்பைத் தளர்த்த மறந்தால், திருகும்போது உறை முறுக்கிக் கிழியும். கிழிந்தால் தண்ணீர் புகுந்து ரேக் எண்டும் போய்விடும்.

டை ராட் சக்கர அச்சுக்குப் பின்னால் இணைந்திருந்தால், அதை நீட்டினால் டோ இன், சுருக்கினால் டோ அவுட். முன்னால் இணைந்திருந்தால் நேர்மாறு. குனிந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். என் காரில் கால் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் மாறியது. இரண்டு பக்கமும் சம அளவு திருகுங்கள், இல்லாவிட்டால் நேராக ஓடும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும். லாக் நட்டை இறுக்கும்போது ராடும் சேர்ந்து சுழலப் பார்க்கும், இன்னொரு ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி உருட்டி மறுபடி அளக்க வேண்டும். எனக்கு இப்படி மூன்று தடவை ஆனது.

எந்த அளவுக்கு வைப்பது என்றால், உங்கள் காருக்குரிய அளவு பட்டறைச் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். சிறிய முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றுக்கு அது சுழியத்தை ஒட்டித்தான் இருக்கும்.

6. பட்டறைக்கும் போங்கள்

வீட்டில் அளந்தது போதும் என்று நான் நிறுத்திக்கொள்ளவில்லை. 35 வெள்ளி கொடுத்து மெஷினில் பார்த்தேன். டோ சரியாகவே இருந்தது. செய்வதற்கு முன், செய்த பின் என இரண்டு அளவும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பின் சக்கர அளவையும் படியுங்கள். மைவி போன்ற கார்களின் பின் அச்சு ஒரே பீம், அதில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. பெரிய குழியில் விழுந்த பிறகு அங்கே சிவப்பு வந்தால் பீம் வளைந்திருக்கலாம். முன் கேம்பரிலும் பல கார்களில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட் போடலாம், ஆனால் அதற்கு முன் அப்சோர்பரோடு சேர்ந்த ஸ்ட்ரட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது கார் மெதுவாக இடது பக்கம் ஒதுங்கினால் பதற வேண்டாம். நம் சாலைகள் தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். சமமான, காலியான கார் நிறுத்துமிடத்தில் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு எல்லா அளவும் சரியாக இருந்தும் கார் வலது பக்கம் இழுத்தது. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். இழுப்பு இடது பக்கம் மாறியது. ஆகவே கோளாறு டயரிலேயே இருந்தது. ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய, பக்கவாட்டில் அம்பு போட்ட டயராக இருந்தால் இப்படி மாற்றாதீர்கள்.

முன் கண்ணாடியில் கேமரா வைத்து லேனைப் பார்க்கும் புதிய கார் வைத்திருப்பவர்கள் 1, 2, 3ஆம் படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருகும் வேலை வேண்டாம். ஸ்டீரிங் கோண சென்சாரையும் கேமராவையும் மறுபடி நேர்ப்படுத்த வேண்டியிருக்கும், அதற்கு வீட்டில் கருவி இல்லை.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு அக்கா, வாசலே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அக்கா, உங்களுக்கு நூலும் நாற்காலியும் வேண்டாம். கார் நிற்கும் இடத்திலேயே ஸ்டீரிங்கை ஒடித்து, டயரைத் தடவி, மூன்று இடத்தில் ஆழம் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையில் அந்தத் தாளைக் காட்டி, "முதல்ல தூக்கி ஆட்டம் இருக்கான்னு பாருங்க, அப்புறம் மெஷின்ல ஏத்துங்க" என்று சொல்லுங்கள். ஆட்டிப் பார்க்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த 'டக்' உங்கள் காதிலும் விழும்.