அச்சுல கார்ட்டூன் கறுத்துப்போற பிரச்சனை, நான் சரி பண்ண விதம்

எங்க ஊர் வாரப் பத்திரிகைக்கு மழைநீர் வடிகால் விவகாரத்தை வச்சு கார்ட்டூன் வரைஞ்சு குடுத்தேன், கையில பாத்தா அருமையா இருக்கும், அச்சுல கவுன்சிலர் மூஞ்சியும் தேங்குன தண்ணியும் ஒரே கறுப்பா அப்பிக்கும். நியூஸ்பிரிண்ட், அதாவது பத்திரிகை அச்சடிக்கிற தாள், மைய உறிஞ்சிடும், வாஷ் (தண்ணி கலந்த மை) அடிச்ச சாம்பல் நிறத்தை அச்சுல புள்ளியா உடைக்கிறாங்க, அந்தப் புள்ளிங்க பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அதான் விஷயம். அதனால வாஷ விட்டுட்டு இந்தியன் இங்க்ங்கிற கெட்டிக் கறுப்பு மையில குறுக்குக் கோடா நிழல் போட ஆரம்பிச்சேன், கோட்டுக்கு நடுவுல வெள்ளைய தாராளமா விட்டு. ஸ்கேன் பண்றப்ப சாம்பல் நிறத்தையும் பதியுற கிரேஸ்கேல் வேணாம், வெறும் கறுப்பு வெள்ளையா பதியுற லைன் ஆர்ட்ல 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைங்க. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மணோட பிரஷ் கோடு இன்னிக்கும் பளிச்னு நிக்குதே, அத உத்துப் பாத்தாலே பாதி புரிஞ்சிடும். அனுப்புறதுக்கு முன்னாடி பத்திரிகைப் பக்கத்துல வர்ற ரெண்டு பத்தி அகலத்துக்கு சுருக்கி பிரிண்ட் எடுத்துப் பாருங்க, கண்ணும் புருவமும் தனித்தனியா தெரியணும், தெரியலனா கோட்டைக் குறைங்க.