நெட் இல்லாதபோதும் இன்ஸ்டால் ஆகும் செட்டப் ஃபைல்களைச் சேர்த்து வைப்பது எப்படி?

கடலூரில் கம்ப்யூட்டரை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே கவலைதான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கிராமப்பக்கம் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஜெனரேட்டரையாவது வாடகைக்குப் பிடித்துவிடலாம், நெட்டுக்கு அப்படி வழி கிடையாது.

கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கை மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டாயிற்று. பென் டிரைவில் குரோம் செட்டப் ஃபைல் இருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் இன்டர்நெட் இணைப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஃபைல் கையில் இருந்தும் ஏன் இப்படி?

காரணம், அது குரோம் இல்லை. குரோமை நெட்டிலிருந்து இறக்கித் தரும் ஒரு சின்ன நிரல். இப்போது பல கம்பெனிகள் தங்கள் தளத்தில் முதலில் நீட்டுவது இதைத்தான். அவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, யார் எப்போது ஓட்டினாலும் அன்றைய புதிய பதிப்பே இறங்கும். நமக்கோ ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக டேட்டா செலவு, நெட் இல்லாவிட்டால் வேலையே இல்லை. இலவச ஆஃபீஸ் தொகுப்பான லிப்ரே ஆஃபீஸ் அளவுக்கு, அதாவது சுமார் 350 எம்.பி. உள்ள ஒரு மென்பொருளை நாலு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக இறக்கினால் 1.4 ஜி.பி. போய்விடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டியூஷன் சென்டர் நடத்துபவருக்கு ஒரு நாள் டேட்டாவே அவ்வளவுதான்.

ஆகவே புயல் வந்தாலும் வராவிட்டாலும் முழு செட்டப் ஃபைலைச் சேர்த்து வைப்பது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் போதும்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, வியூ மெனுவில் டீடெய்ல்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் எதிரே அதன் அளவு தெரியும். பிரவுசர், ஆஃபீஸ், பி.டி.எஃப். ரீடர் போன்ற பெரிய மென்பொருளின் ஃபைல் சில எம்.பி.யோடு நின்றால் அது இறக்கித் தரும் நிரல் மட்டுமே. குரோமின் முழு ஃபைல் 100 எம்.பி.யைத் தாண்டும்.

ஆனால் அளவை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபைல்களைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் செவன் ஜிப்பின் செட்டப் சுமார் ஒன்றரை எம்.பி.தான், ஆனாலும் அது முழுமையானது. மென்பொருளே அவ்வளவு சிறியது.

பெயரும் துப்பு கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் சின்ன ஃபைலின் பெயர் வெறும் ‘ஃபயர்ஃபாக்ஸ் இன்ஸ்டாலர்’. முழு ஃபைலின் பெயரில் ‘ஃபயர்ஃபாக்ஸ் செட்டப்’ என்பதோடு பதிப்பு எண்ணும் இருக்கும். பெயரில் பதிப்பு எண் இருந்தால் பெரும்பாலும் அது முழு ஃபைல்தான்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் உங்கள் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்று தெரியும். எந்த ஃபைலை இறக்குவது என்பதற்கு இது வேண்டும்.

முழு ஃபைல் எங்கே கிடைக்கும்?

பெரும்பாலான கம்பெனிகள் முழு ஃபைலையும் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. பெரிய நீலப் பட்டனுக்குக் கீழே, கண்ணில் படாத ஓர் இணைப்பாக இருக்கும். ‘ஆஃப்லைன்’, ‘ஸ்டாண்டலோன்’, ‘ஃபுல்’, ‘என்டர்பிரைஸ்’, ‘ஆல் டவுன்லோட்ஸ்’ என்ற சொற்களில் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள்.

குரோமுக்கு இரண்டு வழி. ஒன்று, கூகுளின் குரோம் உதவிப் பக்கத்தில் ஆஃப்லைனாக நிறுவுவதற்கென்று தனி இணைப்பு இருக்கிறது. இன்னொன்று, குரோம் டவுன்லோட் பக்க முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, ‘ஸ்டாண்டலோன்’ என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, 1 என்ற எண் ஆகியவற்றை இடைவெளி விடாமல் சேர்த்து என்டர் தட்டுங்கள். பக்கம் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் இறங்கும் ஃபைலின் பெயரில் ‘ஸ்டாண்டலோன்’ என்று வரும்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லா தளத்தில் எல்லா மொழிகளும் எல்லா இயங்குதளங்களும் அடங்கிய ஒரு டவுன்லோட் பக்கம் உண்டு. அங்கே தமிழ் இடைமுகத்தோடு உள்ள முழு ஃபைலையே எடுக்கலாம்.

வீடியோ பிளேயரான வி.எல்.சி.யும் லிப்ரே ஆஃபீஸும் எப்போதுமே முழு ஃபைலைத்தான் தருகின்றன. லிப்ரே ஆஃபீஸில் உதவிப் பகுதி மட்டும் தனி ஃபைல், வேண்டுமானால் எடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, இடைமுக மொழிகளில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கெனத் தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

அடோபி ரீடருக்கு, வழக்கமான பக்கத்தை விட்டுவிட்டு, பல கம்ப்யூட்டர்களில் போடுபவர்களுக்கென்று இருக்கும் என்டர்பிரைஸ் பக்கத்துக்குப் போங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை விலைக்கு வாங்கியவர்கள் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, இன்ஸ்டால் பட்டனை அழுத்தியதும் வரும் பெட்டியில் ‘அதர் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஆஃப்லைன் இன்ஸ்டாலருக்கு டிக் போட்டால் ஒரு பெரிய இமேஜ் ஃபைல் (படம் இல்லை, ஒரு டிஸ்க்கின் முழு நகல்) இறங்கும். அதை டபுள் கிளிக் செய்தால் புதிய டிரைவ் போலத் திறக்கும், உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டலாம். இன்ஸ்டால் செய்ய நெட் வேண்டாம், ஆனால் பிறகு ஆக்டிவேட் செய்ய ஒரு முறையாவது நெட் வேண்டும். மற்ற உரிம மென்பொருள்கள் சிலவற்றிலும் இதே கதைதான்.

பழைய பில்லிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் மென்பொருள் ஓடத் துணையாக இருக்கும் டாட் நெட் 4.8 ஆஃப்லைன் இன்ஸ்டாலரையும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளையும் மறக்க வேண்டாம். இரண்டாவதில் 32 பிட், 64 பிட் இரண்டையும் எடுங்கள். 64 பிட் விண்டோஸிலும் பழைய மென்பொருள் 32 பிட்டைத்தான் கேட்கும்.

ஜி.எஸ்.டி. கணக்கு பார்ப்பவர்களுக்கு, ஜி.எஸ்.டி. தளத்தின் டவுன்லோட்ஸ் மெனுவில் ரிட்டர்ன்ஸ் ஆஃப்லைன் டூல் முழு ஜிப் ஃபைலாகவே கிடைக்கிறது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு டிரைவர், அதாவது அந்தக் கருவியை விண்டோஸோடு இணைந்து வேலை செய்ய வைக்கும் நிரல், தேடி அலைய வேண்டாம். பல டோக்கன்கள் செருகியதும் சி.டி. டிரைவ் போலத் தெரியும், அதற்குள்ளேயே டிரைவர் இருக்கும். அதை ஒரு ஃபோல்டரில் காப்பி செய்துகொண்டால் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ என்று தேடினால் முன்னால் வந்து நிற்கும் ஏதேதோ டவுன்லோட் தளங்களிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். நாம் கேட்காத விளம்பர நிரல்களும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கெட்ட ஃபைல் பென் டிரைவில் ஏறிவிட்டால் நீங்கள் தொடும் அத்தனை கம்ப்யூட்டருக்கும் போகும்.

தளத்தில் முழு ஃபைலே இல்லை என்றால்

சின்ன நிரலை நெட் உள்ள கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். அது இறக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் டெம்ப் ஃபோல்டரில் வந்து சேரும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் விழுக்காட்டுக் குறி, ‘டெம்ப்’ என்ற ஆங்கிலச் சொல், மறுபடி விழுக்காட்டுக் குறி என்று அடித்து என்டர் தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்கும். தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். மேலே புதிதாக முளைத்திருக்கும் பெரிய ஃபைல்தான் உங்களுக்கு வேண்டியது. கடைசித் திரையில் ‘ஃபினிஷ்’ அழுத்துவதற்கு முன்பே அதைக் காப்பி செய்துவிடுங்கள். அழுத்தியதும் நிரல் அதைத் துடைத்துவிடும்.

எல்லா மென்பொருளுக்கும் இந்த வழி பலிக்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் வரும் செயலிகளுக்கு மெனக்கெடாமல் விட்டுவிடுவதே நல்லது. அவற்றை பிரவுசரில் பயன்படுத்தும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவர்களை எடுங்கள், இதுதான் அதிகம் கைகொடுக்கும்

என் அனுபவத்தில் நெட் இல்லாதபோது ஆள்கள் தவிப்பது பிரவுசருக்காக இல்லை, டிரைவருக்காக. பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கடையில் கம்ப்யூட்டரைத் திரும்ப அமைத்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்: “தம்பி, எல்லாம் வந்துடுச்சு, பில்லு மட்டும் ஏன் பிரிண்ட் ஆவல?” பில் பிரிண்டரோடு வந்த டிரைவர் சி.டி. அவரிடம் பத்திரமாக இருந்தது. புதிய கம்ப்யூட்டரில்தான் சி.டி. டிரைவ் இல்லை. என் பென் டிரைவில் அதே பிரிண்டரின் டிரைவர் இருந்ததால் அன்று வியாபாரம் நிற்கவில்லை. உங்களிடம் அப்படி சி.டி. இருந்தால், டிரைவ் உள்ள யாருடைய கம்ப்யூட்டரிலாவது போட்டு, உள்ளே இருப்பதை முழுசாக ஒரு ஃபோல்டரில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

பிரிண்டர் கம்பெனி தளங்களிலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று, பிரிண்டரைக் கண்டுபிடித்து நெட்டிலிருந்து இறக்கும் சின்ன செயலி. மற்றொன்று, ‘ஃபுல்’ அல்லது ‘பேசிக்’ டிரைவர். இரண்டாவதை எடுங்கள். ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர் என்றால் ‘ஃபுல்’ வேண்டும், வெறும் பிரிண்ட் என்றால் ‘பேசிக்’ போதும்.

வைஃபை, லேன் டிரைவர்களை எல்லாவற்றுக்கும் முன்பாக எடுக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் நெட் திரும்பி வந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும்.

மாடல் எண் அழிந்துபோன பழைய கம்ப்யூட்டருக்கும் வழி இருக்கிறது. இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம் 32, அதற்குள் டிரைவர் ஸ்டோர், அதற்குள் ஃபைல் ரெப்பாசிட்டரி என்ற ஃபோல்டர் வரை போங்கள். அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் பெரியதாக இருந்தால் சில ஜி.பி. ஆகலாம். விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறியோடு நிற்கும் கருவியை ரைட் கிளிக் செய்து, அப்டேட் டிரைவர் கொடுத்து, கம்ப்யூட்டரிலேயே தேடும்படி சொல்லி இந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள் ஃபோல்டர்களையும் தேடு என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும். பொருத்தமான டிரைவரை விண்டோஸே தேடி எடுத்துக்கொள்ளும்.

பென் டிரைவைத் தயார் செய்வது

புதிய பென் டிரைவ்கள் பல ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகி வருகின்றன. அதில் 4 ஜி.பி.யை எட்டும் ஒற்றை ஃபைல் ஏறாது. ஆஃபீஸ் இமேஜ் ஃபைலும் விண்டோஸின் ஐ.எஸ்.ஓ. இமேஜ் ஃபைலும் இங்கேதான் மாட்டும். டிரைவ் காலியாக இருக்கும்போதே ரைட் கிளிக், ஃபார்மட், எக்ஸ்ஃபேட் என்று மாற்றிவிடுங்கள்.

பிறகு ஃபோல்டர்கள். பிரவுசர், ஆஃபீஸ், டிரைவர், தமிழ் என்று நான் வைத்திருக்கிறேன். தமிழ் ஃபோல்டரில் விசைப்பலகை மென்பொருளும், டி.டி.பி. வேலைக்கான எழுத்துருக்களும். எழுத்துருவுக்கு செட்டப் எதுவும் இல்லை, ஃபைலை ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும். வெறும் ‘செட்டப்’ என்று மட்டும் பெயருள்ள ஃபைல்களுக்கு உடனே மென்பொருளின் பெயர், பதிப்பு, 64 அல்லது 32, இறக்கிய மாதம் என்று பெயர் மாற்றுங்கள். மூன்று மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

ஃபைல் அசல்தானா என்பதையும் பார்க்க வேண்டும். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். குரோம் ஃபைலில் கூகுள் பெயரும் ஃபயர்ஃபாக்ஸ் ஃபைலில் மொசில்லா பெயரும் இருக்க வேண்டும். செவன் ஜிப் போன்ற சில நல்ல மென்பொருள்களில் கையெழுத்து இருக்காது. அதனால் அவற்றை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். லிப்ரே ஆஃபீஸும் வி.எல்.சி.யும் ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்.எச்.ஏ. 256 என்ற நீண்ட எண்ணை வெளியிடுகின்றன. கம்ப்யூட்டரில் செவன் ஜிப் இருந்தால் ஃபைலை ரைட் கிளிக் செய்து அதே எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

நெட்டைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்து பாருங்கள்

இந்த வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், மொபைல் ஹாட்ஸ்பாட்டையும் நிறுத்துங்கள். அந்த மென்பொருள் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில், பென் டிரைவிலிருந்தே ஓட்டி, இன்ஸ்டால் முடிந்து மென்பொருள் திறக்கும் வரை பாருங்கள். பாதியில் ‘டவுன்லோடிங்’ என்று வந்தால் அது முழு ஃபைல் இல்லை. சில மென்பொருள்கள் நன்றாக ஏறிவிட்டு, திறந்த பிறகு கூடுதல் பகுதிகளை நெட்டில் கேட்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அப்படித்தான். கல்லூரி மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பைத்தானும் தனியாக ஏறிவிடும், ஆனால் அதற்கான பேக்கேஜ்களைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும்.

எப்போது புதுப்பிப்பது?

பிரவுசர் ஃபைல்களை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள், பழைய பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். சேமித்த ஃபைலிலிருந்து போட்ட பிரவுசரை, நெட் வந்த உடனே முதல் வேலையாக அப்டேட் செய்துவிடுங்கள். வி.எல்.சி., செவன் ஜிப் எல்லாம் வருடம் ஒரு முறை போதும். பிரிண்டர் டிரைவர் நன்றாக வேலை செய்கிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு மட்டும் கணக்கு வேறு. அதில் ஓடும் கடைசி குரோம் 109, ஃபயர்ஃபாக்ஸில் 115 ஈ.எஸ்.ஆர். (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) வரிசை. புதிய ஃபைலை இறக்கி வந்து போட்டால் ஏறாது. பழைய ஃபயர்ஃபாக்ஸ் பதிப்புகளை மொசில்லா தன் காப்பகத்தில் வைத்திருப்பதால் 115 ஈ.எஸ்.ஆர். ஃபைலை அங்கிருந்தே எடுத்து, ‘விண்டோஸ் 7’ என்று தனி ஃபோல்டர் போட்டு வையுங்கள். மற்ற ஃபைல்களைப் புதுப்பிக்கும்போது அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.