மாத வாசிப்பைப் பற்றி எழுதும் முறை

ஒரு மாதத்தில் படித்த நூல்களைப் பற்றி எழுத விரும்புகிறவர், மாதக் கடைசி வரை காத்திருக்காமல், ஒவ்வொரு நூலையும் முடித்த அன்றே, பிறருடைய மதிப்புரை எதையும் பார்ப்பதற்கு முன், மனத்தில் பட்டதைப் பக்க எண்ணோடு குறித்துவைக்க வேண்டும்.

கதைச்சுருக்கத்துக்கு இரண்டு வரி போதும். நம்மை நிறுத்திய இடம் எது என்பதே குறிப்பின் உயிர். 1982இல் வெளிவந்த பூமணியின் ‘வெக்கை’யை எடுத்துக்கொள்வோம். கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகும் சிறுவனும் அவன் தந்தையும் காடுமேடாக அலையும் அந்த நாவலை ‘விறுவிறுப்பாக இருந்தது’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. ஒளிந்து திரியும் அந்த நாட்களிலும் இருவரும் உணவு தேடிச் சமைத்துப் பகிர்ந்துண்ணும் பகுதிகளில் பழிவாங்கலைவிடப் பாசமே மேலோங்கி நிற்பதாக உணர்ந்தேன் என்று எழுதும்போதுதான் நூலும் வாசகரும் ஒருசேரத் தெரிகிறார்கள்.

பிடிக்காத நூலுக்கும் இதே கவனம் உரியது: சலிப்பு நடையிலிருந்து வந்ததா, நம் களைப்பிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதே ஆசிரியருக்குச் செய்யும் நியாயம். பாதியில் விட்ட நூலானால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

தொகுக்கும்போது, படித்த வரிசையை விட்டுவிட்டு, ஒன்றையொன்று நினைவூட்டும் நூல்களை அடுத்தடுத்து வையுங்கள். ‘வெக்கை’க்குப் பக்கத்தில் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பேசும் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ வந்தால், நிலமும் நீரும் உறவுகளை எப்படி ஆள்கின்றன என்ற கேள்வி தானாகவே எழும். மதிப்பெண் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.