பிள்ளைகளின் உடலும் மனமும் தேற: ராத்திரியிலிருந்து தொடங்குங்கள்

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நல்ல பழக்கங்களைக் கொண்டு வர நினைக்கும் பெற்றோர் பலரும் காலையில் தொடங்குகிறார்கள். ஐந்து மணிக்கு எழுப்புவது, யோகா, ஊறவைத்த பாதாம் என்று ஒரே நாளில் எல்லாம் ஆரம்பமாகும். நாலாவது நாள் பிள்ளை எழுந்திருக்காது. முந்தைய இரவு பதினொரு மணிக்குத் தூங்கிய குழந்தையால் எப்படி எழ முடியும்? அதனால் இந்த விளக்கம் இரவிலிருந்து தொடங்குகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: தூங்கும் நேரம்

இந்த வயதில் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஸ்கூல் வேன் ஏழரைக்கு வரும், ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால், ஒன்பது மணிக்காவது பிள்ளை தூங்கியிருக்க வேண்டும். படுக்கையில் போய் விழும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், தூங்கிப்போகும் நேரம்தான் கணக்கு. ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அன்று படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதற்கும் தூக்கம் தேவை.

இப்போது பத்தரைக்குத் தூங்கும் பிள்ளையை இன்றே ஒன்பதுக்குத் தூங்க வைக்கப் பார்க்காதீர்கள். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

– இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குள் கொடுத்துவிடுங்கள். அப்பா வேலை முடிந்து வர நேரமாகும் என்றால் பிள்ளை முதலில் சாப்பிடட்டும்.
– படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியும் போனும் நிற்க வேண்டும். கண்ணில் படும் வெளிச்சம், தூக்கத்தைத் தரும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைக் குறைக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கைப் போடுங்கள்.
– பல் தேய்க்க வையுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால், பல்லில் ஒட்டிய உணவு இரவில்தான் அதிகம் கெடுக்கும். தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்.
– அப்புறம் ஒரு கதை, விளக்கை அணைத்தல். தினமும் இதே வரிசையில் நடந்தால், பல் தேய்க்கும்போதே கொட்டாவி வர ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். பத்து மணிவரை விட்டால் திங்கட்கிழமை திண்டாட்டம்தான்.

முதல் மூன்று வாரம் இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். தினசரிக் காலண்டரில் பிள்ளையே டிக் போடட்டும். பரிசாக சாக்லேட் வேண்டாம்.

இரண்டாம் படி: காலைச் சாப்பாடு

தூக்கம் சரியானால் காலையில் பசியும் பெரும்பாலும் தானாக வரும். இட்லி, தோசையோடு சட்னி மட்டும் போதாது. பருப்பு நிறையப் போட்ட சாம்பார், ஒரு முட்டை, சுண்டல் என்று ஏதாவது ஒன்று சேரட்டும். பாலில் கலக்கும் பொடிகளை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள், அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் நிறைய. சாப்பாட்டோடு டீ கொடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை டீ குறைத்துவிடும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அரசு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. உங்கள் பிள்ளை அங்கே படித்தால், சாப்பாடு போடும் நேரத்தைக் கேட்டு அதற்குள் அனுப்புங்கள். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவற விடாதீர்கள்.

மூன்றாம் படி: ஒரு மணி நேர ஓட்டம்

5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் அறுபது நிமிடம் வேண்டியதில்லை, பிரித்தும் ஆடலாம். பள்ளி விட்டு வந்து டியூஷனுக்குப் போவதற்கு நடுவே இந்த நேரத்தை வையுங்கள். டியூஷன் முடிந்து வந்தால் இருட்டிவிடும், அப்புறம் விளையாட்டு நடக்காது. நொண்டி, பாண்டி, ஸ்கிப்பிங் எல்லாமே குதிக்கும் ஆட்டங்கள், எலும்புக்கு வலு தருபவை. பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு. அபார்ட்மெண்ட் என்றால் கீழே பார்க்கிங் பகுதி, மொட்டை மாடி, எதுவானாலும் சரி, ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும்.

நான்காம் படி: பத்து நிமிடப் பேச்சு

பலர் விட்டுவிடுவது இதைத்தான். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. “இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்றால் “நல்லா இருந்துச்சு” என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். “மத்தியானம் யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே?”, “இன்னைக்கு யார் மேல கோபம் வந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை சொல்ல ஆரம்பித்ததும் புத்தி சொல்லாதீர்கள். “அவன் உன்னைச் சேர்த்துக்கலைன்னா கஷ்டமாத்தான் இருந்திருக்கும்” என்று அந்த உணர்வுக்கு ஒரு பெயர் கொடுத்தால் போதும், மிச்சத்தையும் அதுவே கொட்டும். பெரியம்மா வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, “ஆம்பளப் புள்ள அழலாமா” என்பது, இரண்டும் சேர்ந்து பிள்ளையின் வாயை அடைத்துவிடும். இந்தப் பத்து நிமிடம் உங்கள் போனும் வேறு அறையில் இருக்கட்டும். சாப்பிடும்போதும் அப்படித்தான். போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததுகூடத் தெரியாது.

எப்போது மருத்துவரிடம் போவது?

பள்ளி நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி, நன்றாகத் தூங்கியும் தீராத சோர்வு, விருப்பமான விளையாட்டையே வேண்டாம் என்பது, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோய் மறுபடியும் வருவது – இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நடிக்கிறான் என்று திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் ரத்தசோகையாக இருக்கலாம், பள்ளியில் யாரோ மிரட்டுவதாகவும் இருக்கலாம். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.